பதிவேட்டில் இடம்பெறாத பொருள்

பள்ளிக்கூடத்தில் ஒரு நாற்காலியின் கால் ஒடிந்துவிட்டால் அதனை அப்படியே தூக்கி எறிந்துவிட இயலாது. அது அரசாங்கத்தின் உடைமை. வாங்கிய நாளில் அதற்கு ஓர் எண் இடப்பட்டது. அரசாங்கச் சொத்து என்னும் சீட்டு ஒட்டப்பட்டது. விலையும் நாளும் வைக்கப்பட்ட அறையும் பதிவேட்டில் ஏறின. உடைந்த பிறகும் அது அந்தப் பதிவேட்டிலிருந்து முறைப்படி விடைபெற்றே வெளியேற வேண்டும். 'கெவ் பிஏ' என்று தொடங்கும் படிவங்களை நிரப்ப வேண்டும். ஆய்வாளர்கள் வந்து பார்க்க வேண்டும். ஒப்புதல் வர வேண்டும். 'பெலுப்புசான்' என்று மலாய்மொழியில் வழங்கும் இந்த நடைமுறையின் பெயரைக் கேட்டாலே தலைமையாசிரியர்கள் பெருமூச்செறிவர். நானும் பலமுறை பெருமூச்செறிந்திருக்கிறேன். ஆயினும் அதனுள் ஒரு நல்லறிவு இருக்கிறது. உள்ளே வந்த பொருளுக்குக் கணக்கு இருந்தால்தான் அது வெளியே போகும்போதும் கணக்குக் காட்ட முடியும்.

நாற்காலிக்கு இத்தனை சடங்கு இருக்கும்போது, நாற்காலியின் எதிரே மேசைமீது இருக்கும் கணினிக்குள் புகுகின்ற மென்பொருளுக்கு என்ன சடங்கு இருக்கிறது? கணினி பதிவேட்டில் இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் இருக்கின்றன. உள்ளே எழுதப்பட்டவை எங்கும் இல்லை. அவற்றுக்கு எடையில்லை, தூசி படிவதில்லை, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரிவதுமில்லை. ஆதலால் அவற்றை அகற்றுவது எளிது என்று எண்ணிவிடுகிறோம். எங்கள் பள்ளியின் கணினிக்கூடத்தில் அண்மையில் நாங்கள் செய்த வேலை அந்த எண்ணத்தை அடியோடு மாற்றிவிட்டது. தமிழாசிரியர்கள் கூடும் இத்தொகுப்பில் இதை எழுதக் காரணம், அந்த வேலை கணினியைப் பற்றியது போலத் தோன்றினாலும், நம் பிள்ளைகளின் தமிழெழுத்தைப் பற்றியதாகவும் இருந்தமையே.

முதலில் பொருளைச் சற்று விளக்க வேண்டும். கணினிப் பழக்கம் மிகுந்த இளையோர் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஒரு மென்பொருளை நிறுவுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, கட்டித் தரப்பட்ட பொதியாகப் பெறுவது. டெபியன் என்னும் லினக்ஸ் குடும்பம் 1993இல் தோன்றியது. அதன் வழிவந்தவற்றில் பொதி மேலாளர் என்றொரு நிரல் இருக்கிறது. நல்ல பண்டகசாலைக் கணக்கரைப் போன்றது அது. எந்தப் பொதி எந்த நாளில் வந்தது, எந்தெந்தக் கோப்பை எந்தெந்த அடைவில் வைத்தது என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளும். 'இதை எடுத்துவிடு' என்று ஒருசொல் சொன்னால், தன் ஏட்டைப் பார்த்து, வைத்தவற்றையெல்லாம் எடுத்துவிடும். இன்னொரு பொதிக்கு அந்தப் பொருள் தேவைப்படுமாயின் எச்சரிக்கவும் செய்யும்.

இரண்டாம் வழி, மூலநிரலிலிருந்து நாமே கட்டிக்கொள்வது. நிரலாசிரியர் எழுதிய மூலத்தைப் பெற்று, நம் கணினிக்கு ஏற்றவாறு தொகுத்து, நம் கையால் நிறுவுகிறோம். பெரும்பாலும் மூன்று கட்டளைகள் போதும். 'கன்ஃபிகர்' என்பது கணினியைச் சுற்றிப் பார்த்து, வேண்டிய கருவிகள் உள்ளனவா என்று சோதித்து, வேலைத்திட்டம் ஒன்றை எழுதும். 'மேக்' என்பது அந்தத் திட்டப்படி மூலத்தைக் கணினிக்குப் புரியும் வடிவத்திற்கு மாற்றும். 'மேக் இன்ஸ்டால்' என்பது விளைந்தவற்றை உரிய இடங்களில் கொண்டுபோய் வைக்கும். இவற்றுள் மேக் என்னும் கருவி 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கியது. அரை நூற்றாண்டு கடந்தும் அது உழைக்கிறது. மென்பொருள் உலகில் இத்தகைய ஆயுள் அரிது.

இரண்டாம் வழிக்குப் பெருமைகள் உண்டு. மூலம் நம் கையில் இருப்பதால் அதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் உயிர்நாடியே இந்த உரிமைதான். தமிழைப் போன்ற மொழிகளுக்கு இது பெரிய வரம். வணிக நிறுவனம் ஒன்று மனம் வைத்தால்தான் நம் எழுத்து திரையில் தோன்றும் என்ற நிலையை அது தளர்த்தியது. இந்நாட்டில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளைத் தம் முயற்சியால் உருவாக்கத் தொடங்கினார் என்பதை நாம் அறிவோம். யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதினால்தான் தமிழ் கணினிக்குள் நுழைகிறது. அந்த எழுத்தைப் பிறரும் திறந்து பார்க்க முடியுமானால் தொடர்ந்து வளர்கிறது.

ஆனால் கணக்கு? மேக் இன்ஸ்டால் என்னும் கட்டளை கோப்புகளை வைத்துவிட்டுப் போய்விடும். பொதி மேலாளரிடம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. பின்வாயில் வழியாக மூட்டைகளை இறக்கிவிட்டுச் சென்ற லாரியைப் போன்றது அது. மூட்டை கிடங்கில் இருக்கிறது. கணக்கர் ஏட்டில் இல்லை. சக்கர வியூகத்தினுள் புகும் வழியை மட்டும் கற்ற அபிமன்யுவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் மேடைகளில் அளவுக்குமேல் ஓடி உழைத்த உவமைதான் அது. இருந்தும் இவ்விடத்திற்கு இதனினும் பொருத்தமானது எனக்குக் கிட்டவில்லை.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

சிரம்பான் வட்டாரத்தில் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் இன்னும் 'தோட்டம்' என்னும் சொல் இருக்கும். லாபு, ரந்தாவ், மந்தின், நீலாய் ஆகிய பக்கங்களில் பால்மரம் நின்ற நிலங்கள் செம்பனையாகி, பின் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பள்ளிகள் சில இடம் பெயர்ந்தன. மக்கள் பட்டணத்திற்கு வந்துவிட்டார்கள். பெயர் மட்டும் வராண்டாப் பலகையில் நிற்கிறது. எங்கள் பள்ளியும் அப்படிப்பட்டதே. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு. ஆதலால் கணினிக்கூடமும் சிறியது. பத்துக் கணினிகள், அத்தனையும் பிறர் பயன்படுத்திய பின் எங்களுக்கு வந்தவை.

விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது. பழைய கணினிகள் புதிய பதிப்பைத் தாங்கும் வலிமையற்றவை. அவற்றை எறிவதா, வேறு வழியில் உயிர்ப்பிப்பதா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேச்செழுந்தபோது, எங்கள் பள்ளியில் படித்து மென்பொருள் துறைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் தாமே முன்வந்தார். நான்கு சனிக்கிழமைகள் வந்தார். பத்துக் கணினிகளிலும் டெபியன் வழிவந்த லினக்ஸை நிறுவினார். ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை. கொடுத்த தேநீரைக் குடித்தார்; மாணவர்களுக்கு விசைப்பலகை பழக்கினார்; பிறகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார்.

தமிழ் உள்ளீட்டிற்கு அவர் 'எம்17என்' என்னும் நிரலகத்தை நிறுவியிருந்தார். பெயர் விந்தையானது. பன்மொழியாக்கம் என்பதற்குரிய ஆங்கிலச் சொல் 'எம்' என்னும் எழுத்தில் தொடங்கி 'என்' என்னும் எழுத்தில் முடிகிறது. நடுவே 17 எழுத்துகள் உள்ளன. அதனால் இந்தச் சுருக்கம். ஜப்பானில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில் பிறந்த இந்த நிரலகம் உலக மொழிகள் பலவற்றுக்குமான உள்ளீட்டு முறைகளைத் தாங்கி நிற்கிறது. தமிழுக்கு மட்டும் பல முறைகள் அதில் உள்ளன. 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. பழைய தட்டச்சு முறை இருக்கிறது. ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கிறது. ஜப்பானில் அமர்ந்து ஒருவர் நம் ககர ஙகரங்களை ஒழுங்குபடுத்தினார் என்பதை மாணவர்களிடம் சொன்னபோது அவர்கள் வியந்தார்கள்.

லினக்ஸின் பண்டகசாலையில் இதே நிரலகம் பொதியாகவும் கிடைக்கும். அந்தப் பதிப்பு சற்றுப் பழையது என்பதால், நம் இளைஞர் புதிய பதிப்பின் மூலநிரலைப் பெற்றுத் தாமே தொகுத்து நிறுவியிருக்கிறார். நல்லெண்ணத்தில் செய்தது. நன்றாகவும் இயங்கியது. இரண்டாண்டுகள் பிள்ளைகள் அதில் தமிழ் எழுதினார்கள்.

பின்னர் இயங்குதளத்தையே புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தது. புதுப்பித்தோம். சில கணினிகளில் விசைப்பலகைப் பட்டியலில் தமிழைக் காணோம். சிலவற்றில் தமிழ் வந்தது. ஆனால் புதிய பொதியில் திருத்தப்பட்ட எதுவும் அதில் தென்படவில்லை. பொதி மேலாளரைக் கேட்டால், 'புதிய பதிப்பு இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சாதித்தது. அது சொன்னது பொய்யன்று. அதன் ஏட்டில் எல்லாம் சரியாகவே இருந்தன. ஏட்டில் ஏறாத வேறொரு நிரலகம் முன்னால் நின்று வாயிலை மறித்துக்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. கையால் நிறுவப்படும் மென்பொருளுக்கென்று லினக்ஸில் ஒரு தனியிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 'யூஎஸ்ஆர்' என்னும் அடைவினுள் 'லோக்கல்' என்னும் அடைவு. அந்தந்தக் கணினியின் பொறுப்பாளர் தம் விருப்பப்படி வைத்துக்கொள்வதற்கான இடம் அது. பொதி மேலாளர் அதில் கைவைப்பதில்லை, புதுப்பிக்கும்போதும் அழிப்பதில்லை. அதுமட்டுமன்று. ஒரு நிரல் தேவைப்படும்போது கணினி முதலில் லோக்கல் அடைவில் தேடும்; அங்கில்லை என்றால்தான் பொது இடத்திற்குப் போகும். வீட்டுப் பொறுப்பாளர் தாமே வைத்ததற்கு முதல் மரியாதை. விதி நல்லதே. ஆனால் வைத்தவர் போய்விட்டால், வைத்தது இருந்துகொண்டு ஆட்சி செய்கிறது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு வெள்ளை வேர் நோய் தெரிந்திருக்கும். பால்மரத்தை வெட்டி மறுநடவு செய்யும்போது, பழைய மரத்தின் அடிக்கட்டையும் வேரும் மண்ணில் தங்கிவிட்டால், அதில் பற்றிய பூஞ்சை மண்ணுக்குள்ளேயே வெள்ளை இழைகளாக ஓடிப் புதிய கன்றின் வேரைப் பிடிக்கும். மேலே பார்த்தால் நிலம் வெறுமையாக இருக்கும். கன்றின் இலை பச்சையாக இருக்கும். இலை வாடத் தொடங்கும்போது வேர் போயிருக்கும். அதனால்தான் மறுநடவில் மரம் வெட்டுவதைவிடக் கட்டை பெயர்ப்பதற்கு அதிகக் கவனம் என்று என் தந்தையார் சொல்வார். எங்கள் கணினிகளில் நோய் எதுவும் இல்லை. பழைய வேர் மட்டும் இருந்தது. உவமையை அவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

பழுது பார்க்க வந்த ஒருவர், 'ஒரு மணி நேரம் போதும் சார், எல்லாத்தையும் சுத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்' என்றார். அது தவறான யோசனை என்று சொல்லமாட்டேன். சில வேளைகளில் அதுவே அறிவுடைமை. ஆனால் அந்தக் கணினிகளில் ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் இருந்தன. பள்ளி மலருக்காகத் தாத்தா பாட்டியரைக் கேட்டு அவர்கள் எழுதிய தோட்டத்து நினைவுகள் இருந்தன. பால் வெட்டப் போன காலை, வாளி தூக்கிய வழி, கோயில் திருவிழா, தோட்டம் துண்டாடப்பட்டபோது புறப்பட்ட லாரி ஆகியவை அந்த எழுத்தில் இருந்தன. சொன்னவர்களுள் இருவர் இப்போது இல்லை. கட்டுரைகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு அழிக்கலாம் என்பது உண்மையே; படியெடுக்கவும் செய்தோம். எனினும் எந்தப் பிள்ளை எந்த மூலையில் எதைச் சேமித்து வைத்திருக்கிறது என்று யார் உறுதி கூறுவது? மேலும், துடைத்துவிட்டால் இயந்திரம் சரியாகிவிடும். என்ன நேர்ந்தது என்பது எவருக்கும் தெரியாமற் போகும். அடுத்து வரும் நல்லுள்ளம் ஒன்று மீண்டும் அதையே செய்யும்.

சிங்கப்பூருக்குத் தொலைபேசினேன். 'சார், எல்லாம் லோக்கல்லதான் போட்டேன். அந்த லோக்கலையே மொத்தமா அழிச்சிடுங்க, ஒண்ணும் ஆகாது' என்றார் இளைஞர். 'வேற எதுவும் அதுல போடலையாப்பா?' என்றேன். சிறிது நேரம் மௌனம். 'ஞாபகம் இல்ல சார்' என்றார். அந்த மூன்று சொற்களுக்காகவே அவரை நான் மதிக்கிறேன். நினைவில்லை என்று ஒப்புக்கொள்ளாமல் அடித்துச் சொல்லியிருந்தால் நாங்கள் அழித்திருக்கவும் கூடும்.

கணினிக்கூடப் பொறுப்பாசிரியையும் நானும் பள்ளி விடுமுறையில் உட்கார்ந்தோம்.

மேக் கருவிக்கு 'அன்இன்ஸ்டால்' என்றொரு கட்டளையும் கொடுக்கலாம். வைத்தவற்றைத் திரும்ப எடுக்கும் கட்டளை. மூலநிரல் எழுதுவோர் இதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று குனூ திட்டத்தின் நிரலெழுத்து நெறிகள் கூறுகின்றன. பலர் எழுதுகிறார்கள், சிலர் எழுதுவதில்லை. எழுதியிருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கட்டளை, முன்பு நிறுவியபோது எழுதப்பட்ட வேலைத்திட்டத்தை வைத்துக்கொண்டுதான் இயங்கும். மூலநிரல் அடைவை யாராவது 'இனி எதற்கு?' என்று அழித்திருந்தால் கட்டளையிடுவதற்கே இடமில்லை. வேறு பதிப்பின் மூலத்தைக் கொண்டுவந்து கட்டளையிட்டால், அந்தப் பதிப்பில் உள்ள பெயர்களை மட்டுமே தேடி எடுக்கும். பழையதில் மட்டும் இருந்தவை அப்படியே கிடக்கும். நிறுவிய இடத்தை மாற்றிச் சொன்னால் வேறெங்கோ போய்த் தேடும். பெயரும் பதிப்பும் இடமும் மூன்றும் பொருந்த வேண்டும்.

பத்துக் கணினிகளில் ஒன்பதில் மூலநிரல் இல்லை. பத்தாவதில், பதிவிறக்க அடைவின் அடியில், சுருக்கிக் கட்டப்பட்ட மூலநிரல் மூட்டை ஒன்று கிடந்தது. பெயரோடு பதிப்பெண்ணும் இருந்தது. பொறுப்பாசிரியை கைதட்டினார். எனக்கும் தட்டத் தோன்றியது. தலைமையாசிரியர் என்ற பதவி தடுத்தது.

நேரே அன்இன்ஸ்டால் கட்டளையை இட்டிருக்கலாம். அதற்குமுன் ஒரு சோதனை செய்தோம். இதனைச் சற்று விரித்துச் சொல்வது பயன்படும். மூலத்தை அதே இடக்குறிப்போடு மீண்டும் தொகுத்தோம். பிறகு, உண்மையான இடத்தில் நிறுவாமல், வெறுமையான ஓர் அடைவைக் காட்டி, 'இதையே கணினியின் வேர் என்று எண்ணிக்கொண்டு இதற்குள் நிறுவு' என்று சொன்னோம். 'டெஸ்ட்டிர்' என்னும் குறிப்பினால் இது கைகூடும். நாடகத்திற்கு முன் ஒத்திகை பார்ப்பது போல, எந்தெந்தக் கோப்பு எங்கெங்கே போகும் என்பதை அந்த வெற்றடைவு காட்டிவிடும். அதிலிருந்த பெயர்களையெல்லாம் பட்டியலாக எடுத்தோம். நூற்றுக்கணக்கில் வந்தன. நிரலகக் கோப்புகள் சில; ஒவ்வொரு மொழிக்குமான உள்ளீட்டு விவரங்கள் பல; படவுருக்கள்; தலைப்புக் கோப்புகள். இளைஞர் நினைவில் இல்லாத பதிவேட்டை இரண்டாண்டு கழித்து இவ்வாறு எழுதிக்கொண்டோம்.

அடுத்து, லோக்கல் அடைவில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். கோப்புகளுக்கு நாட்குறிப்பு உண்டு. அந்த நான்கு சனிக்கிழமைகளில் வந்தவை எவை என்று கேட்டால் கணினி சொல்லும். சொன்னது. அப்பட்டியல் எங்கள் ஒத்திகைப் பட்டியலைவிட நீளமாக இருந்தது! மிகுதியாக இருந்தவை எவை என்று ஒவ்வொன்றாக நோக்கினோம். அவை தமிழ் எழுத்துருக்கள். பள்ளி மலரின் தலைப்புகளுக்காக அந்த இளைஞரே அதே நாளில், அதே லோக்கல் அடைவின் வேறொரு கிளையில் வைத்துச் சென்றவை. நாளைப் பார்த்து அழித்திருந்தால் இவையும் போயிருக்கும். 'மொத்தமா அழிச்சிடுங்க' என்பதைக் கேட்டிருந்தாலும் போயிருக்கும். ஒரே நாளில் ஒரே கையால் வந்தவை என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடா.

இதற்கு மறுபுறச் சோதனையும் உண்டு. ஒரு கோப்பைக் காட்டி, 'இது யாருடையது?' என்று பொதி மேலாளரைக் கேட்கலாம். ஏட்டில் இருந்தால் பொதியின் பெயரைச் சொல்லும். இல்லையேல் 'தெரியாது' என்னும். லோக்கலில் இருந்த எல்லாவற்றுக்கும் 'தெரியாது' என்றே விடை வந்தது. ஏட்டில் உள்ள ஒன்றைத் தவறி அழித்துவிட மாட்டோம் என்ற நிம்மதி அதனால் கிடைத்தது.

அழிக்குமுன் அழிக்க இருந்தவற்றைப் படியெடுத்து ஒரு வெளித்தட்டில் வைத்தோம். பிறகு ஒத்திகைப் பட்டியலில் இருந்த கோப்புகளை மட்டும், பெயர் பெயராக, நீக்கினோம். வெறுமையான அடைவுகளை நீக்குவதற்கு ஒரு தனிக் கட்டளை உண்டு. உள்ளே ஏதேனும் இருந்தால் அது மறுத்துவிடும். வலிமையான கட்டளைகளைவிட இப்படி மறுக்கத் தெரிந்த கட்டளையே எனக்குப் பிடித்திருக்கிறது. எழுத்துரு இருந்த கிளையை அது தொடவில்லை.

நீக்கியதோடு வேலை முடியவில்லை. எந்த நிரலகம் எங்கிருக்கிறது என்பதைக் கணினி ஒரு குறிப்பில் எழுதி வைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் தேடாமல் இருப்பதற்காக. அந்தக் குறிப்பைப் புதிதாக எழுதச் சொல்ல வேண்டும். கட்டளைச் சாளரமும், முன்பு கண்ட நிரலின் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அகற்றிய பிறகும் பழைய வாசலையே தட்டிக்கொண்டிருக்கும். அதை மூடித் திறந்தால் போதும். பிறகு பொதி மேலாளரைக் கொண்டு அந்தப் பொதியை மீண்டும் நிறுவினோம். முதற்கணினியில் பட்டியலில் 'தமிழ்' என்ற சொல் தோன்றியது. பொறுப்பாசிரியை 'அ' என்று தட்டினார், வந்தது. 'ஃ' தட்டினார், அதுவும் வந்தது.

மற்ற ஒன்பதுக்கும் மூலநிரல் தேவைப்படவில்லை. பட்டியல் கையில் இருந்தது. ஆயினும் ஒவ்வொன்றிலும் பதிப்பு அதுதானா என்று பார்த்த பிறகே நீக்கினோம். ஒன்றில் வேறு பதிப்பு இருந்தது. அதற்கு மட்டும் அந்தப் பதிப்பின் மூலத்தைப் பெற்று, ஒத்திகையைத் தொடக்கத்திலிருந்து நடத்தினோம். பழைய பதிப்புகளின் மூலத்தையும் வெளியீட்டாளர்கள் பாதுகாத்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது அன்று தெரிந்தது.

எல்லா மென்பொருளும் ஒரே வகையில் நிறுவப்படுவதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 'சிமேக்' என்னும் கருவியைக் கொண்டு கட்டப்படுபவை, நிறுவிய கோப்புகளின் பெயர்களைத் தொகுத்த அடைவிலேயே ஒரு பட்டியலாக எழுதி வைக்கும். அந்த அடைவை அழிக்காதவருக்கு வேலை எளிது. பைத்தான் மொழியில் எழுதப்பட்டவற்றைப் பழைய முறையில் நிறுவினால் திரும்ப எடுக்கும் கட்டளையே கிடையாது. நிறுவும்போதே 'பட்டியல் எழுது' என்று சொல்லியிருக்க வேண்டும்.

இந்தத் தொல்லையை முன்கூட்டியே தவிர்க்க அறிஞர்கள் வழிகள் கண்டிருக்கிறார்கள். 'குனூ ஸ்டோ' என்பது எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஒவ்வொரு மென்பொருளையும் அதற்கெனத் தனியடைவில் வைத்துவிட்டு, உரிய இடங்களில் இணைப்புகளை மட்டும் அது ஏற்படுத்தும். வேண்டாமெனில் இணைப்பை அவிழ்த்துவிடலாம். பொருள் முழுதும் ஒரே இடத்தில் இருக்கும். தோட்டத்து லயத்தில் ஒவ்வொரு குடும்பத்துப் பெட்டியும் தனித்தனியே இருந்தது போல. 'செக்இன்ஸ்டால்' என்பது மேக் இன்ஸ்டால் செய்வதை அருகிருந்து பார்த்து, வைக்கப்படும் கோப்புகளையெல்லாம் ஒரு பொதியாகக் கட்டிப் பொதி மேலாளரின் ஏட்டில் ஏற்றிவிடும். இவை எவையும் இல்லாவிட்டாலும் ஒரு பள்ளிக் குறிப்பேடு போதும் என்பது என் கருத்து.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்தவற்றுள் ஒன்று, நாட்பாடக் குறிப்பு எழுதுவது. அந்நாளில் அதை வீண்சுமை என்று முணுமுணுத்தோர் பலர். ஆசிரியர் திடீரென விடுப்பில் போனால், மாற்று ஆசிரியர் அந்தக் குறிப்பைப் புரட்டி, நேற்று எவ்விடத்தில் நின்றது, இன்று எங்கிருந்து தொடங்குவது என்று அறிந்துகொள்வார். கணினிக்கூடத்திலும் இப்போது அத்தகைய குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறோம். மென்பொருளின் பெயர், பதிப்பு, எங்கிருந்து பெறப்பட்டது, எந்த அடைவில் நிறுவப்பட்டது, எந்தக் கட்டளையால் நிறுவப்பட்டது, மூலநிரல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யார், எந்த நாள். கடைசிக் கட்டம் ஒன்று உண்டு: 'எவ்வாறு நீக்குவது?' இந்தக் கட்டத்தை நிறுவும் நாளிலேயே நிரப்ப வேண்டும் என்பது விதி. நிரப்பத் தெரியாதவர் நிறுவக் கூடாது. கடுமையான விதி என்று சிலர் சொன்னார்கள். இன்று வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்திலேயே நிரலாக்கம் தொடக்கப்பள்ளிக்குள் வந்துவிட்டது. நிரலைக் கட்ட நம் பிள்ளைகள் விரைவில் கற்றுக்கொள்வார்கள். அதற்கு அவர்களுக்கு நாம் தேவையில்லை. கட்டியதைக் கணக்கெழுதும் பழக்கத்திற்கு நாம் தேவைப்படலாம்.

சிங்கப்பூர் இளைஞருக்கு அந்தப் பட்டியலை அனுப்பினேன். 'அடுத்த லீவுக்கு வரும்போது நானே வந்து குறிப்பேட்ட எழுதித் தர்றேன் சார்' என்றார். தீபாவளிக்கு வந்தார், எழுத்துருக்களுக்குரிய பக்கத்தைத் தம் கையாலேயே நிரப்பிச் சென்றார்.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. எம்17என் நிரலகம், ஒவ்வொரு பயனரின் சொந்த அடைவிலும் தனக்கென ஓர் அடைவைப் பார்க்கும். அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. பயனர் தம் விருப்பப்படி விசைப்பலகையை மாற்றிக்கொள்ள விரும்பினால் அதற்குள் எழுதிக்கொள்ளலாம். எந்த அன்இன்ஸ்டால் கட்டளையும் அதைத் தொடாது. ஒத்திகைப் பட்டியலிலும் அது வராது. ஏழாம் எண் கணினியில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பெயரில் அப்படி ஓர் அடைவு இருந்தது. இளைஞர் சொல்லிக் கொடுத்ததைக் கொண்டு, தனக்குக் கடினமாக இருந்த ஒரு விசையை அவள் வேறிடத்திற்கு மாற்றி வைத்திருந்தாள். அவள் இப்போது இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். அந்த அடைவை நீக்கலாமா என்று பொறுப்பாசிரியை கேட்டார். அவளுடைய தாயாருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறோம். விடை வரும்வரை அது அங்கேயே இருக்கும். குறிப்பேட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியாயிற்று.